மோமிரின் கடைசி இழுப்பு

வ்ரானியே ஊரில், மோமிர் வீட்டுச் சமையலறை மேசைமேல் மாலை வெயில் சாய்ந்திருக்கிறது. நண்பன் ஸ்தோயாதின் கொண்டுவந்த பாட்டு, தகர டப்பாவில் கல்லை உருட்டுவது போல ஸ்பீக்கரில் கேட்கிறது. விருந்தாளிக்கு வைத்த ரோஜா இதழ் இனிப்பையும் தண்ணீரையும் அவன் இன்னும் தொடவில்லை. தான் வாசித்ததைப் பதிவுக்குப் பிறகு இன்றுதான் கேட்கிற மோமிர், கிளாரினெட்டைக் கழற்றிப் பெட்டியில் வைக்கிறான். "கடைசி இழுப்புல மூச்சு பாதியிலேயே அறுந்துபோகுதுடா. இனிமே கல்யாணங்களுக்கு வாசிக்க வேற ஆளைப் பாருங்க." ஸ்தோயாதினுக்குக் காது சுடுகிறது. "உன் மூச்சு நல்லாத்தான் இருக்குடா, மடையா. பாட்டை வெளியிட்ட கம்பெனிக்காரன் பேங்க் கார்டு நம்பர் கேட்டான். அவனை நம்பாம, திருட்டுத் தளத்துல ஓசியில எடுத்துட்டேன். அந்தத் திருட்டுப் பயதான் பாட்டை நசுக்கி, கடைசியையும் வெட்டிக் குடுத்திருக்கான்." அங்கேயே கம்பெனித் தளத்தில் காசு கட்டி, முழுப் பாட்டையும் இறக்கிப் போடுகிறான். கடைசி இழுப்பு ஜன்னல் கண்ணாடி அதிர நீள்கிறது. மோமிர் கண்ணை மூடிக் கேட்கிறான். ஒரு கெட்ட வார்த்தையாவது திட்டினால் தேவலை என்று ஸ்தோயாதின் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.