ஆபீசில் அப்படி ஒருவன் கிடையாது

“மனுஷன் ஆபீஸ்னு ஒண்ணக் கட்டுன நாள்லேர்ந்து இன்னிக்கு வரைக்கும், காதலியோட நல்லதுக்காகக் காதலியையே விட்டுக்கொடுத்த ஆம்பள ஒருத்தன்கூட மாசச் சம்பளம் வாங்கினதில்ல.”

பியோ கிதே இதை அறிவித்த இடம், அலுவலகத்துக்குப் பின்சந்தில் இருக்கும் டோஃபு குழம்புக் கடை. முகத்தில் சிரிப்பு மருந்துக்கும் இல்லை.

விவகாரம், முந்தின இரவு வந்த நாடகம். ‘அச்சு அசல் அலுவலகக் காதல்’ என்று சியோல் முழுக்க பஸ்களில் ஒட்டியிருந்தார்கள். தன்னால் கதாநாயகியின் பதவிக்கு ஆபத்து என்று தெரிந்ததும், நாயகன் அவளிடம் ‘வேற ஒருத்தி இருக்கா’ என்று பொய் சொல்லிப் பிரிந்துவிடுகிறான். மழையும் பெய்கிறது.

“நீ எப்பய்யா நாடகம் பாக்க ஆரம்பிச்ச?” மேலாளர் பாங் குழம்பை ஊதிக்கொண்டே கேட்டார். “வீட்ல டிவியே இல்லன்ன.”

“நேத்துதான் சார், போன்ல. ஒரு எபிசோடு. ஜென்மத்துக்கும் போதும்.” கிதே விடுவதாக இல்லை. “ஆபீஸ்ல ஒருத்தன் வேற ஒருத்தி இருக்கான்னு சொன்னா, சத்தியமா வேற ஒருத்தி இருக்கா. அவ்வளவுதான் விஷயம். தியாகமெல்லாம் டிவிக்காரன் கண்டுபிடிச்சது. நானா இருந்தா, பதவி போனாப் போகுதுன்னு விட்டுருவேன். எனக்கு என் ஆளு முக்கியம்.”

“பியோ சாருக்கு ஆள் வேற இருக்கா?” என்றாள் எதிரே இருந்த கில் சோரா, தட்டிலிருந்து தலை நிமிராமல்.

“அந்த மூஞ்சிக்கா?” என்றார் அதே ஆபீசில் வேலை பார்க்கும் யூன் அக்கா.

கிதேவும் சோராவும் பக்கத்துப் பக்கத்து மேசை. ஏசியை ஒருவர் கூட்டினால் இன்னொருவர் குறைப்பார். அந்தத் தளத்துக்கே அது பொழுதுபோக்கு.

சோரா சோயாவில் ஊறிய இலை ஒன்றை எடுத்தாள். வழக்கம்போல முழுக் கட்டும் கூடவே கிளம்பியது. எங்கிருந்தோ ஒரு ஜோடி சாப்பாட்டுக் குச்சி வந்து அடி இலைகளை அழுத்திப் பிடித்தது. அவள் யாருடையது என்று பார்க்காமலே தன் இலையை உருவிக்கொண்டாள்.

“இந்த இலைய இன்னொருத்திக்குப் பிரிச்சுக் கொடுத்ததுக்கு நின்னுபோன கல்யாணமெல்லாம் உண்டு” என்றார் யூன் அக்கா.

“ஊறுகாய்லயும் காதலா அக்கா?” கிதே குச்சிகளை எடுத்துக்கொண்டான். “கை நீட்டுனது தப்பு.”

சோரா சிரிக்கவில்லை. அவளுடைய ஒப்பந்தம் மாதக் கடைசியில் முடிகிறது. இரண்டு வருடம் தாண்டினால் நிரந்தரம் ஆக்க வேண்டிவரும் என்பதால், இரண்டு வருடம் முடியும்போது கேக் வெட்டி அனுப்பிவைப்பது எல்லாக் கம்பெனிகளின் பண்பாடு. அவளுக்கு இது மூன்றாவது கம்பெனி.

ஆனால் நேற்று மதியம் மேலாளர் பாங் அதிசயமாக ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். கம்பெனியின் போலந்துத் தொழிற்சாலையில் நிரந்தர வேலை. நான்கு வருடம் அங்கே இருக்க வேண்டும். இன்று ஆறு மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். சோரா இன்னும் வாயைத் திறக்கவில்லை.

“யோசிக்க என்னடி இருக்கு?” என்றார் யூன் அக்கா. “எனக்குக் கெடச்சிருந்தா, புருஷனுக்கே ஏர்போர்ட்லேர்ந்துதான் போன் பண்ணியிருப்பேன்.”

“அங்க குளிர் ஜாஸ்தியாமே அக்கா.”

“இங்க மட்டும் என்ன, கொதிக்குதா?”

ஐந்தே முக்கால் வரை பதில் வரவில்லை. மேலாளர் பாங் கிதேவை ஓரமாக இழுத்துப்போனார்.

“நீ எது சொன்னாலும் அவ நேர்மாறாத்தான் செய்வா. போய், போலந்துக்குப் போகவே கூடாதுன்னு சொல்லிட்டு வா.”

“நல்ல யோசனை சார்” என்றான் கிதே.

அவசரப் படிக்கட்டில் சோரா தனியாக உட்கார்ந்திருந்தாள். இரும்புக் கதவு சாத்திக்கொள்ளும்வரை காத்திருந்து, கொஞ்சம் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டாள்.

“முடியாதுன்னு சொல்லப் போறேன் கிதே” என்றாள். “நாலு வருஷம் போன்ல உன் மூஞ்சியப் பாத்துட்டு இருக்க என்னால ஆகாது. ஞாயித்துக்கெழம உன் ரூம்ல ராம்யன் நூடுல்ஸ் கொதிக்கணும், நீ குறட்ட விடணும். எனக்கு அது போதும்.”

அவன் உட்காரவில்லை. “வேலை?”

“நாலாவது கம்பெனி ஒண்ணு இல்லாமலா போயிரும்? கேக்கெல்லாம் எனக்குப் பழகிருச்சு.” சிரித்தாள். கண் சிரிக்கவில்லை. “போன தடவ எட்டு மாசம் சும்மா இருந்தேன். இந்தத் தடவ நீ இருக்க.”

கிதே கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். பிடித்த பிடியில் விரல் மூட்டுகள் வெளுத்திருந்தன. குரல் மட்டும் சாப்பாட்டுக் கடையில் இருந்த அதே குரல்.

“எனக்கு வேற ஒருத்தி இருக்கா சோரா.”

வெளியே யாரோ லிஃப்டுக்கு ஓடும் சத்தம் கேட்டு அடங்கியது. சோரா அவன் முகத்தையே பார்த்தாள். அதில் எதையோ தேடினாள்.

“அந்த நாடகத்துக்காரன் மாதிரி, என் வேலைக்காகத்தான இதச் சொல்ற?”

“அப்படி ஒருத்தன் ஆபீஸ்லயே கெடையாதுன்னு மத்தியானமே சொன்னேனே.”