எண்பதாவது நிமிடக் கதவு

ஆட்டத்தின் எண்பதாவது நிமிடத்தில் மைதானத்து வாயிற்காவலர் இட்வல் பக்கவாட்டுக் கதவின் தாழ்ப்பாளை இழுத்தார்.

கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, வழிவிட்டு ஒதுங்கியும் நின்றார். வெளியே போக யாரும் இல்லை. தன் கை பழக்கத்தில் செய்துவிட்ட காரியம் சற்றுக் கழித்துத்தான் அவருக்கே புரிந்திருக்க வேண்டும், தொப்பியைக் கழற்றிக்கொண்டார். கதவை மட்டும் மூடவில்லை.

அந்தக் கதவு எம்ரிஸ் ஒருவருக்காகவே திறக்கப்பட்டு வந்தது.

பென்ரோவன் கால்பந்து அணி சொந்த மைதானத்தில் ஆடிய ஆட்டம் எதையும் அவர் தவறவிட்டதில்லை. கடந்த முப்பத்தொரு ஆண்டுகளில் எதன் முடிவையும் பார்த்ததில்லை. வெற்றியோ தோல்வியோ, எண்பதாவது நிமிடத்தில் எழுந்துவிடுவார்.

"என்ன எம்ரிஸ், அடுப்ப அணைக்காம வந்துட்டியா?" என்று பின்வரிசையிலிருந்து டாய் கேட்பான்.

வரிசை முழுதும் சிரிக்கும். நானும் சிரிப்பேன். அவர் கையை உயர்த்திக் காட்டிவிட்டுப் போய்விடுவார். தான் இருந்து பார்த்தால் கடைசி நேரத்தில் நம்மீது கோல் விழும் என்று நம்புகிறார் போலும் என நாங்களாகவே முடிவு கட்டியிருந்தோம்.

அவர் இறந்து பதினோரு நாள் ஆகிறது. என் பக்கத்து இருக்கையில் அவருடைய பச்சை வெள்ளை மஃப்ளர் கிடந்தது.

எண்பத்து மூன்றாவது நிமிடத்தில் அனைவரும் எழுந்து அவர் நினைவாக ஒரு நிமிடம் கைதட்ட வேண்டும். அவருடைய வயது எண்பத்து மூன்று. நிர்வாகத்திடம் போய் அதைக் கேட்டுப் பெற்றவன் நான். ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தபோது நெஞ்சு நிமிர்ந்தவனும் நான்தான்.

திறந்து கிடந்த கதவைப் பார்த்ததும்தான் உறைத்தது.

எண்பத்து மூன்றாவது நிமிடத்தில் எம்ரிஸ் இந்த மைதானத்தில் இருந்ததே இல்லையே. ஆள் கிளம்பிப் போன பிறகு கைதட்டுவதற்கல்லவா ஏற்பாடு செய்திருக்கிறேன்?

அது பருவத்தின் கடைசி ஆட்டம். நாங்கள் ஒரு கோல் பின்தங்கியிருந்தோம். சமன் செய்தால் இந்தப் பிரிவில் நீடிப்போம். இல்லையென்றால் கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டியதுதான். நாற்பது ஆண்டுகளில் ஒருமுறைகூட நான் இறுதி விசிலுக்கு முன் இருக்கையை விட்டு எழுந்தவனில்லை.

மஃப்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"அடப்பாவி குவிலிம், உனக்குமா அடுப்பு?" என்றான் டாய். இம்முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

இட்வல் கதவை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்தார். "வெரசா போப்பா. அவர் இந்நேரம் சந்து முனையத் தாண்டியிருப்பார்."

மைதானத்துச் சுவரை ஒட்டிய அந்தச் சந்தில் மூன்றாவது வீடு எம்ரிஸுடையது. பின்முற்றத்துக் கதவு ஒருக்களித்திருந்தது.

உள்ளே, சுவரைப் பார்த்தபடி இரண்டு நாற்காலிகள். ஒன்றில் அவர் மனைவி கிளெனிஸ், முழங்காலைச் சுற்றிக் கம்பளியும் கையில் கோப்பையுமாக. இன்னொன்றின் அருகே, கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல், ஆவி பறக்கும் தேநீர்.

"என்ன நிலவரம்?" என்றார் திரும்பாமலேயே.

"ஒண்ணுக்கு சைபர். நாமதான் பின்னாடி."

"நேரம் இருக்கு."

மஃப்ளரைக் காலி நாற்காலியின்மேல் வைத்துவிட்டு நின்றேன். அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். நான்தான் என்று தெரிந்தும் முகம் மாறவில்லை.

"அதக் கழுத்துல போட்டுக்கிட்டு உட்காரு குவிலிம். டீ ஆறிடும்."

உட்கார்ந்தேன்.

"இந்தச் சுவத்தத் தாண்டி சத்தம் மட்டுந்தான் வரும்," என்றார். "கோல் யாருதுன்னு தெரியாம ஒத்தையில உட்கார்ந்திருக்கறது கொடுமையா இருக்குன்னு ஒரு நாள் அவர்கிட்ட சொல்லித் தொலைச்சேன். அடுத்த ஆட்டத்துலயே, முடிய பத்து நிமிஷம் இருக்கறப்ப, இந்தா இப்ப நீ நின்னியே, அங்க வந்து நின்னார்."

மைதானத்துப் படிகளை ஏற முடியாமல் கிளெனிஸ் ஆட்டத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டது எந்த ஆண்டு என்று மனத்துக்குள் எண்ணிப் பார்த்தேன்.

முப்பத்தொன்று.

"உங்களுக்கு எப்படித் தெரியும், எது யார் கோல்னு?"

"அவர் கண்டுபிடிச்சதுதான். அவங்க போட்டா வெறும் கத்தல். நம்ம போட்டா தகரம் அதிரும். அந்த டாய் பய முதுகுக்குப் பின்னால இருக்கற தகரத்தப் போட்டுக் குத்துவானில்ல?"

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது வந்தது.

முதலில் ஒரு மூலையிலிருந்து. பிறகு நான்கு பக்கமும். எதிரணிக்காரர்கள் நிற்கும் முனையிலிருந்தும். மூவாயிரம் பேரின் கைதட்டல் சுவரைத் தாண்டி முற்றத்துக்குள் இறங்கியது. எண்பத்து மூன்றாவது நிமிடத்தில் எம்ரிஸ் எங்கே அமர்ந்திருப்பாரோ, சரியாக அந்த நாற்காலிக்கே வந்து சேர்ந்தது.

கிளெனிஸ் கண்களை மூடிக்கொண்டார். ஒரு நிமிடம் முழுதாக ஓயும்வரை திறக்கவில்லை.

"இருந்திருந்தா வெக்கப்பட்டு உள்ள ஓடியிருப்பார்," என்று சிரித்தார்.

பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. ஒரு சிறு விசில். ஒரு முனகல். இன்னொரு விசில். நான் கைக்கடிகாரத்தைப் பார்க்கப் போனேன். அவர் என் மணிக்கட்டின்மீது கைவைத்து மறைத்தார்.

"அதப் பார்க்கக் கூடாது. கேக்கணும்."

கேட்டேன். சுவருக்கு அப்பால் மூவாயிரம் பேரும் ஒன்றாக மூச்சை இழுத்தது கேட்டது.

கிளெனிஸ் தன் தேநீர்க் கோப்பையை மெல்லக் கீழே வைத்தார்.

தகரம் அதிரத் தொடங்கியது.