நீல விளக்கு

தானே ஓடும் வண்டிகளுக்கு முகப்பு விளக்கு நீலம். மனிதர் ஓட்டும் வண்டிகளுக்கு வெள்ளை. வெள்ளையைக் கண்டால் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் மறித்துவிடுவார்கள். அதற்குள் சவரிமுத்துவின் வேனில் மீன் நாறத் தொடங்கிவிடும். பொறுத்துப் பார்த்தவர் மெக்கானிக் ஜெசிந்தாவிடம் போனார்.

"எல்.இ.டி.ய நீலமா மாத்திரு தாயி."

"பிடிபட்டா ஜெயிலு அண்ணாச்சி. அங்க மீன் கொழம்பு கிடையாது" என்று சொல்லிக்கொண்டே மாற்றிக் கொடுத்தாள்.

அன்று மாலை மூன்று சாவடிகளும் வழிவிட்டன. ஆனாலும் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தபடி ஊருக்குள் நுழைந்தார்.

பள்ளிக்கூட வளைவில் ஒரு சிறுமி, இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் சாலையில் இறங்கினாள். சவரிமுத்து பிரேக்கை மிதித்தார். ஒரு சாண் இடைவெளியில் வேன் நின்றது. சிறுமி அதன் மூக்கைச் செல்லமாகத் தட்டிவிட்டு நடந்தாள்.

"சொன்னேம்லா, நீல வண்டி அதுவா நின்னுரும்னு" என்றாள் பின்னால் வந்த தாய்.

வந்த வழியே ஜெசிந்தாவிடம் திரும்பியவர், வேனை விட்டு இறங்காமலே சொன்னார்.

"பழைய வெள்ளையவே போடு."

"மீன் நாறிருமே அண்ணாச்சி?"

"நாறட்டும்."

அவள் விளக்கைக் கழற்றத் தொடங்கினாள். நின்றிருந்த வேனுக்குள் அவருடைய கால் இன்னும் பிரேக்கை விட்டு எழவில்லை.