அழ வேண்டிய இடம்

ஈப்போ மண்டபத்தில் பேராசிரியர் ஷரபுதீன் முழங்கினார்: "என் முப்பது வருஷ ஆராய்ச்சி இது! கம்யூனிஸ்ட் ஆட்சியில முஸ்லிம் பெண்களுக்கு மேடைப் பேச்சைக் கட்சிக்காரன்தான் எழுதிக் குடுத்தான். எந்த இடத்துல அழணும்னுகூட அவனே சொன்னான். த்தூ!"

சபையே முகம் சுளித்தது.

அடுத்து அவருடைய ஆய்வு மாணவி ஷஹீதா மைக்கைப் பிடித்தாள். "எங்க குரலை மீட்டுக் கொடுத்தவரு எங்க சார்!"

கைதட்டல் ஓயவில்லை. அவள் இறங்கி வந்ததும், கேமராவுக்குச் சிரித்தபடியே ஷரபுதீன் முணுமுணுத்தார்.

"குரல்னு வர்ற இடத்துல அழணும்னு எழுதிக் குடுத்தேனே, ஏன் அழலே?"

"அழுகை வரலே சார். குமட்டல்தான் வந்துச்சு."

"ஆய்வேட்டுல என் கையெழுத்து வேணும்லா? சனிக்கிழமை கமுந்திங் ஊர்க் கூட்டத்துலயாச்சும் ஒழுங்கா அழு."