நந்திக்கடலில் ஒரு வைன் போத்தல்

ஆழமில்லாத நந்திக்கடல் நீரேரியின் நடுவே வள்ளம் அசையாமல் நிற்கிறது. காலை வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் குத்துகிறது. வள்ளத்துக்காரன் செபமாலை தன் நீளக் கோலை இறுகப் பிடித்திருக்கிறான். அவனுடைய கள்ளு முட்டி கரையிலேயே கிடக்கிறது. “கள்ளு மணக்கும், ஏத்தாதை” என்று தடுத்தவர், உல்லாசமாய்ச் சுற்றிப் பார்க்க வள்ளத்தை வாடகைக்குப் பிடித்த பெரிய உத்தியோகத்தர். அவன் வள்ளம், அவன் கள்ளு; ஆனால் ஏற்றக்கூடாதாம். அவருடைய சீமை வைன் மட்டும் ஈரச் சாக்குக்குள் குளிர்ந்தபடி, அவன் பாய் விரித்துக் கொடுத்த இடத்தில் சாய்ந்து கிடக்கிறது. இப்போது பார்த்தால், தக்கையைத் திருகி எடுக்கிற கம்பியை வீட்டில் மறந்துவிட்டு வந்திருக்கிறார். போத்தலை நீட்டுகிறார். “உன்ரை கத்தியாலை திற.” செபமாலை கோலைக் கிடத்திவிட்டுப் போத்தலை வாங்குகிறான். மீன் செதிள் ஒட்டிய கத்தி முனை இறங்க, தக்கை துண்டு துண்டாய்த் தெறிக்கிறது. “வள்ளத்திலை எதைத் திறந்தாலும் முதல் வாய் கடலுக்குத்தான், ஐயா.” “ஓம், ஓம், ரெண்டு சொட்டு விடு” என்றபடி அவர் கிளாசைத் துடைக்கிறார். அவன் வள்ளத்தின் முன்முனைக்குப் போய்ப் போத்தலைக் கவிழ்க்கிறான். சொட்டாக அல்ல, சிவப்பாய்க் கொட்டுகிறது. “டேய், காணும்! போதுமடா!” வள்ளம் ஆடுகிறது, அவரால் எழும்ப முடியவில்லை. களக் களக்கென்ற சத்தம் ஓயும்வரை அவன் கையை நிமிர்த்தவில்லை. பிறகு வெறும் போத்தலை அவர் மடியில் வைக்கிறான். “இனி ஒண்டும் மணக்காது, ஐயா.”