முதல் லோமுதாவுவின் வீரமரணம்

வாத்தியார் சலேசி வகுப்பறைத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். கரும்பலகை அவர் தலைக்கு மேலே எட்டாத உயரத்தில் இருந்தது. எழுந்து நின்று அதில் ஒரு கோடு கிழிக்கக்கூட வழியில்லை.

வாசலை அடைத்துக்கொண்டு நாற்காலியில் லோமுதாவு பிரபு உட்கார்ந்திருந்தார். பிரபுவுக்கு மேலே தலையைத் தூக்குகிற குடியானவன் டோங்கா தீவுகளில் இன்னும் பிறக்கவில்லை. பெஞ்சுகளை எல்லாம் வெளியே தள்ளிவிட்டு, நாலாம் வகுப்புப் பிள்ளைகளும் பாயில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

"ம்... நடத்து," என்றார் பிரபு. "எங்க முப்பாட்டனாரைப் பத்தி ஏதோ சரித்திரப் பாடம் நடத்துறியாமே. ஊரே பேசுது. நானும் கேட்டுட்டுப் போறேன்."

எதிரிப் படகுகளைக் கண்டதும் அந்த முப்பாட்டனாரான முதல் லோமுதாவு வவாவு தீவுக்குக் கம்பி நீட்டினார், சண்டை ஓய்ந்த பிறகு பெண்டாட்டி பிள்ளையோடு திரும்பி வந்தார் என்று போன வாரம் சலேசி உள்ளதை உள்ளபடி நடத்தித் தொலைத்திருந்தார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. சிரித்ததோடு நிற்காமல் வீட்டுக்கு வீடு போய்ச் சொல்லியும் வைத்தன.

சிரிக்கிற விஷயமா இது? சலேசியின் வீடு இருக்கிற மனையும், கிழங்கு போட்டிருக்கிற தோட்டமும் பிரபுவின் நிலம். அதைச் சலேசி பேருக்கு மாற்றப் பிரபு இன்னும் கையெழுத்துப் போடவில்லை. இன்று அவர் முகம் சுளித்தால் நாளைக்கே சட்டிபானையைத் தூக்க வேண்டியதுதான்.

காலையில், பிரபு முன்னால் மரியாதைக்கு உடுத்துகிற இடுப்புப் பாயைக் கட்டிவிடும்போதே மனைவி மெலே சொல்லிவிட்டாள். "இதப் பாருங்க, அவரு ஓடினாருன்னு சொன்னீங்க, அப்புறம் நாமதான் ஓடணும். பேசாம அங்கேயே சண்டை போட்டுச் செத்தாருன்னு சொல்லிடுங்க."

"அது பொய்யாச்சே மெலே!"

"மூணு பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு நான் எங்க போவேன்? உங்க உண்மை வந்து கூரை போட்டுத் தருமா?"

பள்ளிக்கூடத்துக்கு வந்ததும் சலேசி பிள்ளைகளைத்தான் மிரட்டினார். "இன்னிக்கு யாராச்சும் 'ஓடினார்'ங்கிற வார்த்தையைச் சொன்னீங்க, தோலை உரிச்சிடுவேன்."

இப்போது தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். "பிள்ளைங்களா, எதிரிங்க படகு படகா வந்து இறங்கினாங்க. ஊரே காட்டுக்குள்ள போய் ஒளிஞ்சிடுச்சு. நம்ம முதல் லோமுதாவு மட்டும் ஒத்தைத் தடியோட தன்னந்தனியா கடற்கரையில நின்னார்."

பிரபு நிமிர்ந்து உட்கார்ந்தார். "தன்னந்தனியாவா?"

"ஆமாங்க ஐயா. இருபது பேரைச் சாய்ச்சார்." பிரபுவின் முகம் மலர்வதைப் பார்த்துவிட்டு, "நாப்பதுகூட இருக்கும்," என்று திருத்திக்கொண்டார்.

முன்வரிசையில் லாவினியா கையைத் தூக்கினாள். கேள்வி கேட்பதற்கென்றே பிறந்த பெண் அது. சலேசி அவளைக் கண்ணாலேயே எரித்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார். கை இறங்கவில்லை.

"கடைசியில முதுகுல ஒரு ஈட்டி..."

"முதுகுலயா?" பிரபுவின் புருவம் ஏறியது.

"மார்புலங்க ஐயா, மார்புல! ஏழு ஈட்டி. அந்த மணல்லயே உயிரை விட்டார்."

பிரபு கைக்குட்டையை எடுத்தார். "அப்போ அவருக்கு என்ன வயசு இருக்கும்?"

"பதினெட்டுதாங்க." இன்னும் கொஞ்சம் தேங்காய்ப்பால் ஊற்றினால் என்ன என்று சலேசிக்குத் தோன்றியது. "பொண்ணுகூடப் பார்க்கலைங்க ஐயா. கட்டைப் பிரம்மச்சாரி."

பிரபு உடைந்தே போனார். "அந்த ரத்தம்தான்யா என் உடம்புல ஓடுது," என்று கண்ணைத் துடைத்தார். "நாளைக்கு வீட்டுக்கு வா வாத்தியாரே. உன் நிலத்துக்குக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

சலேசிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மெலேயின் முகம் எப்படி மாறப்போகிறது என்று நினைத்துப் பார்த்தபோது சிரிப்புக்கூட வந்தது. பொய் சொன்ன உறுத்தலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

லாவினியாவின் கை இன்னும் அந்தரத்தில்தான் நின்றது. வலித்திருக்க வேண்டும், இன்னொரு கையால் முட்டுக் கொடுத்திருந்தாள்.

"அந்தப் பொண்ணு எவ்வளவு நேரமா கையைத் தூக்கிட்டிருக்கு! என்னன்னு கேளேன்," என்றார் பிரபு.

"அது... ஒண்ணுக்கு வருது போலிருக்குங்க ஐயா."

"இல்ல சார், கேள்விதான்!" என்றாள் லாவினியா.

"கேளும்மா. நான் இருக்கேன், பயப்படாம கேளு," என்று பிரபு சிரித்தார்.

சலேசி கண்ணை இறுக மூடிக்கொண்டார். எழுந்து ஓடலாம் என்றால் வாசலில் பிரபு. அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லிவிடாதே தாயே என்று மனசுக்குள் கெஞ்சினார்.

லாவினியா வாத்தியார் பேச்சைத் தட்டாதவள். அந்த வார்த்தையை அவள் சொல்லவே இல்லை.

"கல்யாணமே ஆகாம அவர் செத்துட்டார்னா, இந்த ஐயா யாரோட வம்சம் சார்?"