நாடா நீக்கி இருபது கிராம்

நாடாவைக் கத்தரித்துக் கீழே போட்டுவிட்டுத்தான் தட்டார் பதக்கத்தைத் தராசில் வைத்தார்.

"இருபது கிராம் நாற்பது மில்லி."

அண்ணன் சிட்டையில் குறித்துக்கொண்டார். தம்பி எட்டிப் பார்த்துச் சரிபார்த்தான்.

அப்பா போய் ஒரு மாதம்தான் ஆகிறது. அவருடைய இரும்புப் பெட்டியில் இருந்த தங்கம் மொத்தமும் மேசைமேல் கிடந்தது. ஒரு சங்கிலி, இரண்டு மோதிரம், அம்மாவின் வளையல் நாலு, இந்தப் பதக்கம். எல்லாவற்றையும் உருக்கி மூன்று பங்கு போடுவதாகப் பேச்சு.

நடுவில் பிறந்தவள் குனிந்து நாடாவை எடுத்தாள். மடிப்புக்கூடக் கலையவில்லை. ஒரு தடவையும் யார் கழுத்திலும் ஏறாத நாடா.

"அண்ணா, பதக்கத்த மட்டும் எனக்குக் குடுத்துடுங்க. மத்ததுல எதுவும் வேணாம்."

அண்ணன் மனசுக்குள் கூட்டிப் பார்த்தார். மொத்தம் தொண்ணூற்றாறு கிராம் சொச்சம். பங்குக்கு முப்பத்திரண்டு வரும். இவள் இருபதோடு எழுந்து போகிறேன் என்கிறாள். கசக்குமா?

"அக்காவுக்கு எப்பவும் பெரிய மனசு," என்றான் தம்பி, சங்கிலியைக் கொஞ்சம் தன் பக்கம் நகர்த்திக்கொண்டே.

"சரி. ஆனா நாளைக்கு வந்து பித்தளையத் தலையில கட்டிட்டீங்கன்னு அழக் கூடாது. நல்லா சோதிச்சிடுங்க," என்றார் அண்ணன்.

தட்டார் பதக்கத்தை நூலில் கட்டித் தண்ணீர் டம்ளருக்குள் தொங்கவிட்டு மறுபடி எடை பார்த்தார். தண்ணீரில் எவ்வளவு குறைகிறதோ, அந்த அளவால் எடையை வகுத்தால் தங்கத்தின் தரம் தெரிந்துவிடும்.

"பதினெட்டு கிராம், தொள்ளாயிரத்துப் பத்து மில்லி." கால்குலேட்டரைத் தேடினார்.

"பதினேழு புள்ளி ஏழு மூணு," என்றாள் அவள்.

தட்டார் தட்டிப் பார்த்தார். அதேதான் வந்தது. "மெஷினையே தோக்கடிச்சிட்டீங்களேம்மா!"

அண்ணன் சிரித்தார். "புருஷனோட மளிகைக் கடையில கல்லாவுல உக்காந்த பழக்கம். பத்து பைசாகூட விடமாட்டா."

"நல்ல தங்கம் சார். இருபத்திரண்டு காரட்."

அண்ணனுக்குத் திருப்தி இல்லை. "எதுக்கும் அரத்தால ராவிப் பாத்துடுங்க. உள்ள என்ன இருக்கோ."

"எந்தப் பக்கம் ராவட்டும்?"

"பின்பக்கம். அங்க வெறும் எழுத்துதானே."

அவள் வாயைத் திறந்தாள். இப்போது எதையாவது சொல்லி, அண்ணன் மனசு மாறி, அதுவும் உலைக்குப் போய்விட்டால்? மூடிக்கொண்டாள்.

அரம் நாலு இழுப்பு இழுத்தது. உள்ளேயும் மஞ்சள்தான். தூள் கீழே விரித்திருந்த தாளில் விழுந்தது.

"தரச் சீட்டு யார் பேருல போடணும்?"

அவள் தன் பெயரைச் சொன்னாள். கல்யாணத்துக்கு முன்னால் இருந்த இனிஷியலோடு சொன்னாள்.

எழுதிக்கொண்டிருந்த தட்டாரின் கை நின்றது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பதக்கத்தைத் திருப்பினார். 'கணிதத்தில் முதலிடம்' என்று இருந்தது. அதற்குக் கீழே ஒரு பெயர். இனிஷியல் மட்டும் இல்லை. அது தாளில் தூளாகக் கிடந்தது. மீதியை எழுத்து எழுத்தாகச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

"உங்களுதாம்மா இது?"

"பட்டமளிப்பு விழா அன்னைக்கு நான் ஆஸ்பத்திரியில, பிரசவத்துக்கு. அப்பாதான் போய் வாங்கினாரு. வெறும் காகிதம்தான் குடுத்தாங்கன்னு சொன்னாரு. இதை இன்னைக்குத்தான் பாக்குறேன்."

தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அண்ணன் சிட்டையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

தட்டார் சின்னத் தூரிகையால் தூளை ஒன்று சேர்த்து, தாளை மடித்து, அவளிடம் நீட்டினார்.

"ஒரு நிமிஷம்," என்றார் அண்ணன். "அவ கேட்டது பதக்கத்தை. தூள் பொதுவுலதானே வரும்? எடை போடுங்க."

தட்டார் அவளைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள்.

தராசில் எண்கள் கொஞ்ச நேரம் ஆடி, பதினெட்டு மில்லியில் வந்து நின்றன.

"ஆளுக்கு ஆறு மில்லி," என்றாள் அவள், தட்டார் கால்குலேட்டரை எடுப்பதற்கு முன்னால்.